வலையும் சொறியும்: நுரையீரலைச் சுற்றிக் கோக்கும் நீருக்கு ஒரு கிருமி தந்த மருந்து

"நெஞ்சுல நீர் கோத்திருக்கு" என்று நம் பக்கத்தில் சொல்வார்கள். இந்த ஒரே வாக்கியத்துக்குள் இரண்டு வேறு வேறு சங்கதிகள் இருக்கின்றன. நுரையீரலுக்கு உள்ளே, காற்றுப் பைகளுக்குள் நீர் ஏறுவது ஒன்று. நுரையீரலுக்கு வெளியே, அதற்கும் விலாக்கூட்டுக்கும் நடுவில் நீர் தேங்குவது இன்னொன்று. இந்தக் குறிப்பு இரண்டாவதைப் பற்றியது. அதிலும், நிமோனியாவுக்குப் பின்னால் வந்து, கவனிக்காமல் விட்டால் சீழாக மாறுகிற நீரைப் பற்றியது.

அந்தச் சீழை வடிக்க ஒரு மருந்து உண்டு. அதைத் தருவது ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற பாக்டீரியா. தொண்டைப் புண்ணை உண்டாக்குகிற, சில நேரம் இதே சீழையே உண்டாக்குகிற குடும்பம் அது. மருந்தின் பெயர் ஸ்ட்ரெப்டோகைனேஸ். மாரடைப்பு வந்தவர்களுக்கு "கட்டியைக் கரைக்கிற ஊசி" என்று போடுவார்களே, அதேதான். மாரடைப்பில் அது சாதித்ததைப் பற்றித் தமிழில் நிறைய எழுதியாகிவிட்டது. நெஞ்சுச் சீழில் அது முதலில் ஜெயித்ததும், பிறகு தோற்றதும், ஏன் தோற்றது என்று பின்னாளில் தெரிந்ததும் அவ்வளவாக யாரும் சொல்லாத கதை.

நான் இதைப் படிக்க ஆரம்பித்ததற்கு ஒரு காரணம் உண்டு. அதைச் சொல்லுமுன் கொஞ்சம் உடற்கூறு பார்த்துவிடுவோம்.

எங்கே கோக்கிறது?

நுரையீரலைச் சுற்றி இரண்டு மெல்லிய சவ்வுகள் இருக்கின்றன. ஒன்று நுரையீரலோடு ஒட்டியது. மற்றது விலாக்கூட்டின் உட்புறத்தோடு ஒட்டியது. மருத்துவத்தில் இதற்கு ப்ளூரா என்று பெயர். தமிழில் நுரையீரல் உறை என்போம். இரண்டுக்கும் நடுவே இருக்கும் திரவம் 10 முதல் 20 மில்லிதான். இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே கொஞ்சம் தண்ணீர் விட்டுப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு நகரும், ஆனால் பிரித்தெடுக்க முடியாது. அதே ஏற்பாடுதான் இங்கேயும். நாம் விலாவை விரிக்கும்போது நுரையீரலும் கூடவே விரிவது இதனால்தான். சங்கு குளிக்க மூச்சைக் கட்டி இறங்குகிறவர் கடைசியாக ஒரு தரம் நெஞ்சு நிறைய இழுப்பாரே, அந்த முழு இழுப்புக்கும் ஆதாரம் இந்த நாலு கரண்டித் தண்ணீர்.

இந்தத் திரவம் குட்டை மாதிரி தேங்கி நிற்பதில்லை. ரத்தக் குழாய்களிலிருந்து கசிந்து வந்துகொண்டே இருக்கும். வெளிச்சவ்வில் உள்ள நுண்ணிய துளைகள் வழியாக நிணநீர்க் குழாய்களுக்குள் போய்க்கொண்டே இருக்கும். வரவு கூடினாலோ செலவு அடைத்தாலோ நீர் கோக்கும்.

வரவு கூடக் காரணங்கள் பல. இதயம் பலவீனமானால் கூடும். கல்லீரலும் சிறுநீரகமும் கெட்டால் கூடும். காசநோய், புற்றுநோய், நிமோனியா எல்லாவற்றிலும் கூடும். எந்தக் காரணம் என்பதை நீரை ஊசியால் எடுத்துச் சோதித்துத்தான் ஓரளவு சொல்ல முடியும். 1972-ல் ரிச்சர்ட் லைட் என்ற அமெரிக்க மருத்துவர் இதற்கு ஒரு எளிய அளவுகோல் கொடுத்தார். நீரில் உள்ள புரதம் ரத்தத்தில் உள்ளதில் பாதிக்கு மேல் இருந்தால், சவ்வே புண்ணாகிக் கசிகிறது என்று பொருள். அதோடு எல்.டி.எச் என்ற நொதியின் அளவையும் பார்ப்பார்கள். இன்றைக்கும் ஆய்வகத்தில் "லைட் அளவுகோல்" என்றுதான் சொல்கிறார்கள்.

நீர், கூழ், தோல்

நிமோனியாவை ஒட்டி வருகிற நீர் மூன்று படிகளில் மாறும். 1962-ல் அமெரிக்க மார்புநோய்ச் சங்கம் இப்படிப் பிரித்தது.

முதல் படியில் அது வெறும் நீர். தெளிவாக இருக்கும், கிருமி இருக்காது. நிமோனியாவுக்கான ஆன்டிபயாடிக் வேலை செய்தால் தானே வற்றிவிடும்.

இரண்டாம் படியில் கிருமி உள்ளே நுழைகிறது. கூடவே ரத்தத்திலிருந்து ஃபைப்ரினோஜன் என்ற புரதம் கசிந்து வந்து ஃபைப்ரின் இழைகளாகத் திரிகிறது. நாம் விரலை வெட்டிக்கொண்டால் ரத்தத்தை உறைய வைக்கும் அதே இழைதான். இங்கே அது குறுக்கும் நெடுக்குமாகப் பின்னி, ஒரே குளமாக இருந்த நீரைச் சின்னச் சின்ன அறைகளாகப் பிரித்துவிடும். ஸ்கேனில் பார்த்தால் தேன்கூடு மாதிரி தெரியும். டியூப் போட்டாலும் அது நுழைந்த அறைதான் வடியும். பக்கத்து அறையில் சீழ் அப்படியே இருக்கும்.

சாதாரணமாக உடம்பே இந்த இழைகளைக் கரைத்துவிடும். அதற்கென்று பிளாஸ்மின் என்ற நொதி இருக்கிறது. ஆனால் சீழ் பிடித்த நெஞ்சுக்குள் பிளாஸ்மினை எழுப்புகிற வேலையைத் தடுக்கும் பொருட்கள் பெருகிவிடுகின்றன. அதனால் நெய்கிற கை ஓடிக்கொண்டே இருக்கும், பிரிக்கிற கை கட்டுப்பட்டு நிற்கும்.

மூன்றாம் படியில் அந்த இழைகளின் மேல் நார்த்திசு வளர்ந்து, நுரையீரலைச் சுற்றி ஒரு தடித்த தோல் போர்த்துவிடும். அதன் பிறகு கரைக்க எதுவும் இல்லை. அறுவை சிகிச்சை செய்து உரித்தெடுக்க வேண்டும்.

இந்த மூன்று படிக்கும் ஆகும் காலம் வாரங்களில்தான். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது என் காரணம். அம்மா வழி உறவினர் ஒருவர், பெரியதாழைக்காரர். மணப்பாட்டுக்கும் உவரிக்கும் இடைப்பட்ட அந்தக் கரையில் ஃபைபர் படகில் தொழிலுக்குப் போகிறவர். அவரிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். காய்ச்சலும் இருமலும் வந்திருக்கிறது. பக்கத்தில் ஊசி போட்டுக்கொண்டு, காய்ச்சல் கொஞ்சம் தணிந்ததும் கடலுக்குப் போயிருக்கிறார். வலது விலாவில் குத்து. "மூச்சு இழுத்தா பிடிக்கி, வலை இழுத்த பிடிப்பாத்தான் இருக்கும்" என்று தைலம் தேய்த்துக்கொண்டு இரண்டு வாரத்துக்கு மேல் ஓட்டிவிட்டார். படுக்க முடியாமல் போன பிறகுதான் ஸ்கேன். தேன்கூடு. டியூப் போட்டதும் கொஞ்சம் வடிந்து நின்றுவிட்டது. அப்போதுதான் மருத்துவர் ஸ்ட்ரெப்டோகைனேஸ் போட்டுப் பார்க்கலாம் என்றார். அத்தை என்னிடம் போனில் கேட்டது இதுதான்: "அது ஹார்ட் அட்டாக் ஊசியில்லா? மாமாவுக்கு ஹார்ட்ல ஒண்ணும் இல்லன்னுதானே சொன்னாவ?" நியாயமான கேள்வி. அதற்குப் பதில் தேடப் போய்த்தான் கீழே உள்ளது எல்லாம் கிடைத்தது.

உறைந்த குழாய் கரைந்த கதை

1933. அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் வில்லியம் டில்லெட் என்ற மருத்துவர் ஸ்ட்ரெப்டோகாக்கஸை ஆராய்ந்துகொண்டிருந்தார். இந்தக் கிருமியை மனித பிளாஸ்மாவில் போட்டால் கட்டி கட்டியாகச் சேர்ந்துவிடுகிறது, சீரத்தில் போட்டால் சேர்வதில்லை. பிளாஸ்மாவில் இருந்து சீரத்தில் இல்லாதது ஃபைப்ரினோஜன். அப்படியானால் கிருமி அதைத் தன் மேல் இழுத்துக்கொள்கிறதோ என்று அவருக்குச் சந்தேகம். இழுத்துக்கொண்டால், பிறகு அந்தப் பிளாஸ்மா உறையக்கூடாது.

சோதித்தார். எல்லாக் குழாய்களும் உறைந்தன. ஊகம் தப்பு. குழாய்களை ஓரமாக வைத்துவிட்டார். கொஞ்ச நேரம் கழித்துத் தற்செயலாகப் பார்த்தால், கிருமி போட்ட குழாய்களில் மட்டும் உறைந்த கட்டி மறுபடி நீராகியிருந்தது. டில்லெட்டும் கார்னரும் அந்த வருடமே கட்டுரை வெளியிட்டார்கள். மனித ஃபைப்ரினைத்தான் கரைக்கிறது, முயலின் ஃபைப்ரினை அசைப்பதில்லை என்பதையும் அதில் பதிவு செய்தார்கள்.

ஏன் முயலை விட்டுவிட்டு மனிதனை மட்டும்? 1941-ல் மில்ஸ்டோன் என்பவர் ஒரு துப்புக் கொடுத்தார். கிருமியின் சாறு தனியாக எதையும் கரைப்பதில்லை, மனித ரத்தத்தில் உள்ள ஏதோ ஒன்று கூட இருந்தால்தான் வேலை நடக்கிறது என்று கண்டார். 1945-ல் ராயல் கிறிஸ்டென்சன் அந்த "ஏதோ ஒன்று" பிளாஸ்மினோஜன் என்று தெளிவாக்கினார். ஸ்ட்ரெப்டோகைனேஸ் என்ற பெயரும் அப்போது வந்ததுதான்.

ஆகவே பாக்டீரியாவின் நொதி என்று பொதுவாகச் சொன்னாலும், கறாராகப் பார்த்தால் ஸ்ட்ரெப்டோகைனேஸ் நொதியே கிடையாது. 414 அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு புரதம், அவ்வளவுதான். அது தூங்கிக்கொண்டிருக்கும் பிளாஸ்மினோஜன் ஒன்றோடு ஒன்றாகப் போய் ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய ஜோடி மற்ற பிளாஸ்மினோஜன்களை வெட்டிப் பிளாஸ்மினாக எழுப்பிவிடும். பிளாஸ்மின் ஃபைப்ரினை அறுக்கும். கத்தி நம்முடையது. அதை உறையிலிருந்து உருவுகிற கைதான் கிருமியுடையது. முயலின் உறை வேறு மாதிரி என்பதால் அங்கே கை நுழைவதில்லை.

கிருமிக்கு இது எதற்கு? நம் உடம்பு ஊடுருவலைக் கண்டதும் ஃபைப்ரின் வலையை வீசி அந்த இடத்தைச் சுற்றி அடைக்கப் பார்க்கும். வலைக்குள் சிக்கிய ஸ்ட்ரெப்டோகாக்கஸ் நம் கத்தியை வாங்கியே வலையை அறுத்துக்கொண்டு அடுத்த திசுவுக்குப் போய்விடும். 1918 காய்ச்சல் காலத்தில் அமெரிக்க ராணுவ முகாம்களில் ஆயிரக்கணக்கான சிப்பாய்களுக்கு நெஞ்சில் சீழ் கட்டியது. அதற்கு முக்கியக் காரணம் இதே ஸ்ட்ரெப்டோகாக்கஸ்தான். விலாவைத் திறந்து வடித்ததில் நுரையீரல் சுருங்கிப் பலர் இறந்தார்கள். காற்று உள்ளே போகாதபடி மூடிய குழாயால் வடிக்கும் முறை அந்த அனுபவத்தில்தான் நிலைபெற்றது. இன்று டியூபின் நுனியைத் தண்ணீர்ப் பாட்டிலுக்குள் முக்கி வைத்திருக்கிறார்களே, அதன் காரணமும் அதுதான்.

1949: முதல் வெற்றி

டில்லெட் நியூயார்க் பல்கலைக்கழகத்துக்குப் போனார். அங்கே சால் ஷெரியோடு சேர்ந்து, கிருமியின் சாற்றை நோயாளிகளின் நெஞ்சுறைக்குள் செலுத்திப் பார்த்தார். 1949-ல் 23 பேரின் அனுபவத்தை வெளியிட்டார்கள். உறைந்து கிடந்த ரத்தமும், கெட்டிப்பட்ட சீழும் இளகி, ஊசியால் இழுத்தெடுக்க வந்தது. அதே வருடம் டில்லெட்டுக்கும் கிறிஸ்டென்சனுக்கும் லாஸ்கர் விருது கிடைத்தது. இதயத்துக்கு இந்த மருந்து பெரிய அளவில் போனதெல்லாம் பிறகுதான். இத்தாலியில் 11,000-க்கும் மேற்பட்டவர்களிடம் செய்த சோதனை 1986-ல்தான் வெளிவந்தது. ஆக, அத்தையின் கேள்விக்குப் பதில்: இது ஹார்ட் ஊசியாக ஆவதற்கு முன்பே நெஞ்சு நீருக்குப் போட்ட மருந்து.

அந்த 1949 சாற்றில் ஒரு விஷயம் முக்கியம். அது சுத்தமான ஸ்ட்ரெப்டோகைனேஸ் இல்லை. அதே கிருமி சுரக்கிற இன்னொரு பொருளும் அதில் கலந்திருந்தது. அதற்கு ஸ்ட்ரெப்டோடார்னேஸ் என்று பெயர். இது உண்மையான நொதி, டி.என்.ஏ-வை வெட்டுவது. சீழ் ஏன் கெட்டியாக இழுக்கிறது என்று டில்லெட் குழு ஏற்கெனவே கண்டிருந்தது. செத்துப்போன வெள்ளணுக்களிலிருந்து கொட்டிய டி.என்.ஏ-தான் அந்தக் கொழகொழப்பு.

நம் கரையில் இதற்கு நல்ல உவமை இருக்கிறது. வலையில் சொறி மொய்த்துவிட்டால் என்ன ஆகும்? ஜெல்லிமீனைத்தான் சொல்கிறேன். நூலை அறுத்துவிட்டாலும் அந்தக் கூழ் அப்படியே ஒட்டிக்கொண்டு நிற்கும். கூழை மட்டும் வழித்தாலும் வலை பிரியாது. ஃபைப்ரின் வலை என்றால், டி.என்.ஏ சொறி. டில்லெட்டின் பழைய கலவையில் இரண்டுக்கும் ஆள் இருந்தது.

அந்தக் கலவை அசுத்தமானது. காய்ச்சல் வரும், வலி வரும், ஒவ்வாமை வரும். அதனால் சுத்தப்படுத்தினார்கள். 1970-களின் கடைசியிலிருந்து நெஞ்சுறைக்குள் போனது சுத்திகரித்த ஸ்ட்ரெப்டோகைனேஸ் மட்டும். அழுக்கைக் கழுவியபோது கூடவே பாதி மருந்தும் போயிற்று. அது அப்போது யாருக்கும் உறைக்கவில்லை.

சண்டிகரிலிருந்து புதுச்சேரி வரை

இந்தியாவில் இந்த மருந்து கைக்கெட்டும் விலைக்கு வந்ததன் பின்னால் நம் நாட்டு ஆராய்ச்சி இருக்கிறது. சண்டிகரில் உள்ள நுண்ணுயிர்த் தொழில்நுட்ப நிறுவனத்தில் கிரீஷ் சாஹ்னியின் குழு ஸ்ட்ரெப்டோகைனேஸைத் தயாரிக்கும் முறையை உருவாக்கியது. அவர் பிற்பாடு, 2015 முதல் 2018 வரை, சி.எஸ்.ஐ.ஆரின் தலைமை இயக்குநராகவும் இருந்தார். முதலில் இயற்கையான ஸ்ட்ரெப்டோகாக்கஸிலிருந்தே எடுக்கும் முறை. அதைக் காடிலா பார்மசூட்டிகல்ஸ் வாங்கி விற்பனைக்குக் கொண்டுவந்தது. அடுத்து, மரபணுவை எடுத்து ஈ.கோலை பாக்டீரியாவுக்குள் வைத்து அதைச் சுரக்கவைக்கும் முறை. அந்தத் தொழில்நுட்பம் சாசுன் நிறுவனத்துக்குப் போய், புதுச்சேரியில் உற்பத்தியானது. நோய் உண்டாக்கும் ஒரு பாக்டீரியாவின் ஆயுதத்தை, குடலில் வாழும் இன்னொரு பாக்டீரியா செய்து கொடுக்கிறது. மாரடைப்புக்கு ஒரே தடவையில் 15 லட்சம் யூனிட். நெஞ்சுறைக்கு ஒரு வேளைக்கு 2.5 லட்சம் யூனிட், உப்புநீரில் கலந்து டியூப் வழியாக. உள்ளே விட்டு, டியூபை இரண்டு மணி நேரம் போல மூடிவைத்து, திறந்துவிடுவார்கள்.

மருந்து கையில் இருக்கிறது, விலை தாங்கும், செயல்படும் விதமும் தெளிவு. பிறகென்ன, போட வேண்டியதுதானே? உலகம் முழுக்க அப்படித்தான் போட்டார்கள். போட்டவுடன் டியூபில் வடிகிற அளவு கூடியது. எங்கள் மாமாவுக்கும் கூடியது. அத்தைக்கு அன்று நிம்மதி.

வடிந்தால் குணமா?

இங்கேதான் கவனிக்க வேண்டும். இந்த மருந்துகள் உறையைச் சீண்டுவதால் உறையே கூடுதலாக நீரைக் கசியவிடும். பாட்டிலில் கூடுகிற நீரில் எவ்வளவு பழைய சீழ், எவ்வளவு புதிய கசிவு என்று கண்ணால் சொல்ல முடியாது. நோயாளி பிழைத்தாரா, கத்தியிலிருந்து தப்பினாரா என்று பார்ப்பதுதான் சரியான கணக்கு.

சின்னச் சோதனைகள் ஆளுக்கொரு பதில் சொல்லின. 2004-ல் தென்னாப்பிரிக்காவில் 44 பேரிடம் செய்ததில் அறுவை சிகிச்சைத் தேவை குறைந்தது. அதே வருடம் சண்டிகரின் பட்டமேற்படிப்பு மருத்துவ நிறுவனம் 40 குழந்தைகளிடம் செய்ததில், ஆன்டிபயாடிக்கும் டியூபும் தருவதற்கு மேல் குறிப்பிடும்படியான பலன் தெரியவில்லை.

2005-ல் பெரிய சோதனை வந்தது. பிரிட்டனில் 52 மருத்துவமனைகள், 454 நோயாளிகள். மிஸ்ட்-1 என்று பெயர். பாதிப் பேருக்கு ஸ்ட்ரெப்டோகைனேஸ், மீதிப் பேருக்கு வெறும் உப்புநீர் போன்ற போலி மருந்து. எது யாருக்கு என்று நோயாளிக்கும் தெரியாது, மருத்துவருக்கும் தெரியாது. மூன்று மாதம் கழித்து எண்ணினார்கள். இறந்தவர்களும் அறுவை சிகிச்சைக்குப் போனவர்களும் சேர்ந்து மருந்துப் பக்கம் 31 சதவீதம், போலிப் பக்கம் 27 சதவீதம். மருந்தால் பயன் இல்லை. நெஞ்சுவலி, காய்ச்சல், ஒவ்வாமை மட்டும் கூடுதல்.

ஐம்பத்தாறு வருட நம்பிக்கை ஒரே கட்டுரையில் ஆட்டம் கண்டது.

ஏன் என்பதற்கான துப்பு அதற்கு ஐந்து வருடம் முன்பே வெளியாகியிருந்தது. 2000-ல் ஆஸ்திரேலியாவில் மனிதச் சீழை எடுத்து ஆய்வகத்தில் சோதித்தார்கள். ஸ்ட்ரெப்டோகைனேஸ் மட்டும் விட்டால் சீழின் கெட்டித்தன்மை குறையவில்லை. டி.என்.ஏ-வை வெட்டும் நொதி இருந்தால்தான் இளகியது. டில்லெட் 1940-களில் கண்டதை மறுபடி கண்டுபிடித்தார்கள் என்றுதான் சொல்ல வேண்டும்.

2011-ல் மிஸ்ட்-2 வந்தது. 210 பேர், நான்கு குழுக்கள். இந்தத் தடவை ஸ்ட்ரெப்டோகைனேஸுக்குப் பதில் டி.பி.ஏ, அதாவது நம் உடம்பே பிளாஸ்மினோஜனை எழுப்பச் சுரக்கும் புரதம். கூடவே டி.என்.ஏஸ். ஒரு குழுவுக்கு இரண்டும், இரண்டு குழுக்களுக்கு ஆளுக்கொன்று, நான்காவதற்குப் போலி. அறுவை சிகிச்சைக்கு அனுப்ப வேண்டி வந்தது போலிக் குழுவில் 16 சதவீதம். இரண்டும் சேர்த்துப் போட்ட குழுவில் 4 சதவீதம். மருத்துவமனையில் இருந்த நாட்களும் ஏறக்குறைய ஏழு குறைந்தன. டி.பி.ஏ தனியாகப் போட்ட குழுவில் எக்ஸ்ரேயில் தெரிகிற நீர், போலி மருந்தைவிடக் குறிப்பிடும்படி குறையவில்லை. டி.என்.ஏஸ் தனியாகப் போட்ட குழுவில் 39 சதவீதம் பேர் அறுவை சிகிச்சைக்குப் போனார்கள். ஒன்றுமே போடாததைவிட மோசம்.

வலையை விட்டுவிட்டுச் சொறியை மட்டும் வழித்தால் நிலைமை கெடுகிறது. சொறியை விட்டுவிட்டு வலையை மட்டும் அறுத்தால் பலன் போதவில்லை. இரண்டையும் சேர்த்துச் செய்தால் வடிகிறது.

இதில் எனக்குப் பிடித்த இடம் ஒன்று உண்டு. நம் வெள்ளணுக்கள் சாகும்போது தங்கள் டி.என்.ஏ-வையே வலையாக விரித்துக் கிருமிகளைப் பிடிக்கின்றன என்பது 2004-ல் தெரியவந்தது. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தன் டி.என்.ஏஸை வைத்து அந்த வலையிலிருந்தும் தப்புகிறது என்பது அடுத்தடுத்த ஆண்டுகளில் தெரிந்தது. உடம்பு இரண்டு விதமாகப் பிடிக்கப் பார்க்கிறது, கிருமியும் இரண்டு கருவிகளோடு வருகிறது. நாம் அதன் பையிலிருந்து ஒன்றை மட்டும் உருவிக்கொண்டு, ஏன் போதவில்லை என்று 2005 வரை கேட்டுக்கொண்டிருந்தோம்.

சரி, நம் ஊருக்கு?

பிரிட்டிஷ் மார்புநோய்ச் சங்கத்தின் 2023 வழிகாட்டுதல், இரண்டையும் சேர்த்துத் தருவதைப் பரிசீலிக்கலாம், ஸ்ட்ரெப்டோகைனேஸ் வேண்டாம் என்கிறது. ஆனால் மிஸ்ட்-2-ல் போட்ட இரண்டு மருந்துகளும் பாலூட்டி செல்களில் வளர்த்து எடுப்பவை. ஸ்ட்ரெப்டோகைனேஸைவிடப் பல மடங்கு விலை. ஆறு வேளை, இரண்டு மருந்து. எல்லா மாவட்ட மருத்துவமனையிலும் கிடைக்குமா, எல்லாக் குடும்பத்துக்கும் கட்டுமா என்பது வேறு கேள்வி. அதனால் இந்தியாவில் இன்றும் பல இடங்களில் ஸ்ட்ரெப்டோகைனேஸ் போட்டுப் பார்க்கிறார்கள். சரியான நேரத்தில், சரியான நோயாளிக்கு அது உதவலாம் என்று நம்பும் மருத்துவர்கள் இருக்கிறார்கள். அப்படிப் போடும்போது கேட்க வேண்டியது, "எத்தனை நாள் பார்ப்பீங்க, குறையலன்னா அடுத்தது என்ன?" என்பது. மருந்தை நம்பி வாரக்கணக்கில் காத்திருந்தால் இரண்டாம் படி மூன்றாம் படியாகிவிடும். ரத்தக்கசிவு ஆபத்து உள்ளவர்கள், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள், முன்பே ஸ்ட்ரெப்டோகைனேஸ் போட்டுக்கொண்டவர்கள் அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

இன்னொன்று காசநோய். நம் நாட்டில் நெஞ்சுறையில் நீர் கோப்பதற்கு அது ஒரு பெரிய காரணம். அந்த நீர் பெரும்பாலும் சீழாக இருக்காது. வைக்கோல் நிறத்தில் தெளிவாக இருக்கும். அதற்குக் கரைக்கிற மருந்து வேலை இல்லை. ஆறு மாத மாத்திரைதான் வைத்தியம், அரசு இலவசமாகத் தருகிறது. நீரை எடுத்துச் சோதித்தால் ஏ.டி.ஏ என்ற நொதியின் அளவு துப்புக் கொடுக்கும். ஆகவே நீரைச் சோதிக்காமல் எந்த வைத்தியமும் தொடங்கக்கூடாது. "ஊசி போட்டு நீர் எடுத்தா அப்புறம் எடுத்துக்கிட்டே இருக்கணும்" என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. அதில் உண்மையில்லை. காரணம் சரியாகாவிட்டால்தான் மறுபடி கோக்கும், ஊசியால் கோப்பதில்லை.

மாமாவுக்கு மூன்று நாள் மருந்து போட்டார்கள். ஸ்கேனில் சில அறைகள் உடைந்தன. அடியில் இருந்த கெட்டிச் சீழ் அசையவில்லை. கடைசியில் சின்னத் துளை வழியாகக் கேமரா விட்டுச் சுத்தம் செய்தார்கள். இப்போது தொழிலுக்குப் போகிறார். மூச்சு பழையபடி இல்லை, வலையை ஆள் மாற்றி இழுக்கிறார்கள். கடலுக்குப் போகாத நாளில் வரும்படியும் இல்லை என்பதால் அவர் தள்ளிப்போட்டதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் கணக்கு இதுதான்: எந்த மருந்தும் திருப்பித் தர முடியாத அந்த இரண்டு வாரத்தில்தான் நீர் கூழாயிற்று.

ஆகவே கையோடு வைத்துக்கொள்ள மூன்று விஷயம். நிமோனியாவுக்கு மருந்து தொடங்கி மூன்று நாளாகியும் காய்ச்சல் விடவில்லை என்றால், அல்லது விட்ட காய்ச்சல் விலாக்குத்தோடு திரும்பினால், நெஞ்சுக்கு ஒரு அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் கேளுங்கள். அரசு மருத்துவமனையில் பார்த்துவிடலாம். நீர் இருந்தால் எடுத்துச் சோதிக்கச் சொல்லுங்கள். அதன் பி.எச் 7.2-க்குக் கீழே போயிருந்தாலோ, சர்க்கரை 60-க்குக் கீழே இறங்கியிருந்தாலோ, கிருமி உள்ளே குடியேறிவிட்டது என்று அர்த்தம். டியூப் போட வேண்டும் என்று மருத்துவர் சொன்னால் "நாளைக்குப் பார்ப்போம்" என்று சொல்லாதீர்கள். மூன்றாவது, விலாக்குத்தைத் தசைப்பிடிப்பு என்று நீங்களே முடிவு செய்யாதீர்கள். வலை இழுத்த பிடிப்பு காய்ச்சலோடு வராது.